டாட்சனுக்குள் நான்கு மூட்டை உப்பு

வெர்ன் குல்பிரான்சனின் ஆரஞ்சு நிற டாட்சன் கார் 1972-இல் பிறந்தது. பிறந்தபோது உடம்பில் இருந்தவற்றில் பாதிகூட இப்போது அதில் மிச்சமில்லை. தரைக் கம்பளம் போயிற்று, ரேடியோ போயிற்று, கடிகாரம் போயிற்று, பக்கத்து இருக்கை போயிற்று. சூடேற்றியும் போயிற்று. பனி கொட்டுகிற விஸ்கான்சினில் இருந்துகொண்டு காரின் சூடேற்றியைக் கழற்றி எறிகிற மனுஷனை என்னவென்று சொல்வது! சத்தம் வராமலிருக்க அடித்தகட்டில் ஒட்டியிருந்த தாரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. உலர் பனிக்கட்டியைக் கொட்டி அதை விறைக்க வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிச் சில்லு சில்லாகப் பெயர்த்தார். பெயர்த்ததைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளிவந்து சமையலறைத் தராசில் நிறுத்தார்.

"அது நான் மாவு நிறுக்கிற தராசுங்க," என்றாள் மனைவி லாவோன்.

"இருபத்தியொரு பவுண்டு, லாவோன்! இத்தனை வருஷமா இருபத்தியொரு பவுண்டைச் சும்மா சுமந்துக்கிட்டு ஓடியிருக்கு, பாவம்."

"பாவம்தான். உங்க தொப்பையில அறுபது பவுண்டு உக்காந்திருக்கே, அதுக்கும் கொஞ்சம் பனிக்கட்டி வச்சுத் தட்டிப் பாக்கலாமா?"

இந்த மாதிரிப் பேச்செல்லாம் வெர்னின் காதில் ஏறாது. அறுபத்தொரு வயது, பால் பண்ணைகளில் குளிர்தொட்டி பழுது பார்க்கும் தொழில், ஒரு வேளைக்கு நான்கு சாசேஜ். பெடலில் ஓட்டை போட்டு ஒன்பது அவுன்ஸ் குறைத்த அன்று, அந்தச் சந்தோஷத்தில் ஐந்தாவது சாசேஜும் உள்ளே போனது.

எல்லாவற்றுக்கும் உச்சம் அந்தக் கண்ணாடிதான். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க இருந்த கண்ணாடி பன்னிரண்டு அவுன்ஸ் கனம் என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றிவிட்டு, லாவோனின் பவுடர் டப்பாவிலிருந்த வட்டக் கண்ணாடியைப் பெயர்த்து ஒட்டிக்கொண்டார். அரை அவுன்ஸ். விதிப் புத்தகத்தில் கண்ணாடி இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. லாவோன் இரண்டு வாரம் பேசவில்லை. அந்த நிம்மதியில் மனுஷர் கதவுக் கைப்பிடிகளையும் கழற்றிவிட்டார்.

இத்தனை பாடும் வருஷத்துக்கு ஐந்தாறு டிராக் நாட்களுக்காக. டிராக் நாள் என்பது அவரவர் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள், பந்தயமல்ல. பேட்ஜர் ஹாலோ தடத்தின் வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள்: பந்தயம் இல்லை, நேரம் குறிக்கக் கூடாது, பரிசு கிடையாது. எல்லோரும் அந்தப் பலகையைப் பார்த்து பயபக்தியோடு தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பந்தயம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் முந்துவதற்கு ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவர் தன் இஷ்டத்துக்கு முந்த முடியாது. முன்னால் போகிறவர் நேர்ப்பாதையில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இந்தப் பக்கம் போ என்று விரலால் காட்டி, காலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அப்புறம்தான் முந்தலாம். நேரம் குறிக்காத இடத்தில் அந்தக் கைதான் தீர்ப்பு. 'நீ என்னைவிட வேகம்' என்று ஒருவர் தன் கையாலேயே ஒப்புக்கொள்கிற காரியம் அது.

வெர்ன் பதினான்கு வருஷத்தில் ஒருதடவைகூடக் கையை நீட்டியதில்லை.

அந்தப் பதினான்கு வருஷமும் அவர் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தவர் ஓரின் லுட்கே. உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லிக்குச்சி, பச்சை நிற எம்.ஜி. கார் வைத்திருப்பவர். அவர் எம்.ஜி.யில் எதையும் கழற்றவில்லை. நல்ல பிரேக், நல்ல டயர், அவ்வளவுதான் மாற்றியிருந்தார். சாம்பல் கிண்ணம்கூட அப்படியே இருந்தது. அதில் இருமல் மிட்டாய் வைத்திருப்பார். ஒவ்வொரு வளைவிலும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கி வந்து டாட்சனின் பின்பக்கத்தை முட்டாத குறையாக நிற்பார். நேர்ப்பாதை வந்ததும் வெர்ன் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓடிவிடுவார். மறுபடி வளைவு, மறுபடி எம்.ஜி. யார் நன்றாக ஓட்டுகிறவர் என்று தடத்தில் புல் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

சாயங்காலம் வண்டிகளைத் திடலில் நிறுத்தியபின் இரண்டு பேருக்கும் நடக்கும் பேச்சு வருஷா வருஷம் ஒன்றுதான்.

"ஏன்டா, என்னைப் பாக்கலியா?"

"எங்கடா பாக்குறது? கண்ணாடி சின்னதுடா."

"பதினாறு சுற்று உன் முதுகிலதான்டா குடியிருந்தேன்."

"அப்படியா? தெரியலியே. சாசேஜ் சாப்பிடுறியா?"

பச்சைப் பொய். அந்த அரை அவுன்ஸ் கண்ணாடியில் வேறு எது தெரியாவிட்டாலும் எம்.ஜி.யின் இரண்டு வட்ட விளக்குகளும் அட்டகாசமாகத் தெரியும்.

ஆகஸ்ட் மாதம் ஓரின் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவிக்கு நுரையீரல் சரியில்லை, இந்த ஈரக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செப்டம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு அரிசோனா போகிறார்கள், மகள் வீட்டுப் பக்கம். எம்.ஜி.யை இல்லினாயில் ஒரு பல் டாக்டருக்கு விற்றாயிற்று. சீசனின் கடைசி டிராக் நாளுக்கு மறுநாள் அவர் வந்து எடுத்துப் போவார்.

"அரிசோனாலயும் டிராக் இருக்குமே," என்றார் வெர்ன்.

"இருக்கும். எனக்குத்தான் கார் இருக்காது." ஓரின் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணுதான்டா குறை. உன் கை எப்படி இருக்கும்னே நான் பாக்கலை. ஆறு விரலா, அஞ்சா?"

வெர்னும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மூன்று வாரம் மனுஷருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு சாசேஜ் இரண்டாகக் குறைந்ததைப் பார்த்து லாவோன் டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள். இந்த ஊரில் அவருக்கு நண்பன் என்று இருந்தது ஒரே ஒருத்தன். அவனும் போகிறான். பதினான்கு வருஷமாகப் பொய் சொல்லியே அனுப்பிவைக்கிறோமே என்று நெஞ்சு அறுத்தது. கடைசி நாளில் கையை நீட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

முடிவு செய்வது லேசு. நீட்ட வேண்டுமே! முழு பலத்தோடு ஓடுகிற டாட்சனிலிருந்து கையை நீட்டினால், பெயர்த்த தாருக்கும் கழற்றிய சூடேற்றிக்கும் என்னதான் அர்த்தம்? சமையலறை மேஜையில் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காரில் பாரம் ஏற்றிவிடுவது. பாரம் ஏறினால் வண்டி மெதுவாகும், மெதுவானால் கை தானாக நீளும். பிற்பாடு மனசு குத்தினால், நான் எங்கே தோற்றேன், மூட்டையல்லவா தோற்றது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். உலகத்தில் எத்தனையோ விதமான கிறுக்கு உண்டு. இது தனி ரகம்.

நிலவறையில் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் இயந்திரத்துக்குப் போடுகிற உப்பு இருந்தது. நாற்பது பவுண்டு மூட்டை, இரண்டு. கையில் கிடைத்த பாரம் அதுதான். இரண்டையும் டாட்சனின் பின்பக்கம் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு போர்வையை விரித்தார்.

டிராக் நாள் காலையில் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கிறவள் ஆர்டிஸ். எழுபத்து நான்கு வயது, முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், எல்லோரையும் இன்னும் பேருந்துப் பிள்ளைகளாகவே நடத்துகிறவள். பிரேக் விளக்கு, சக்கர நட்டு, பேட்டரி எல்லாம் பார்த்துவிட்டுப் போர்வையைத் தூக்கினாள்.

"என்ன ராசா இது?"

"பேலன்ஸுக்கு, அக்கா."

"பேலன்ஸுக்கா? போன மாசம் சாவிக்கொத்துல ஒரு சாவி கூட இருக்குன்னு கழட்டிக் குடுத்துட்டுப் போனவன் நீதானே?"

"புதுசா ஒரு முறை படிச்சேன்."

ஆர்டிஸ் கட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. "பனி பெய்யறப்ப என் புருஷன் இப்படித்தான் பிக்கப் வண்டியில மூட்டை போடுவாரு, சக்கரம் வழுக்காம இருக்க. செப்டம்பர்ல போட்டவன் நீ ஒருத்தன்தான். போ, போ." காரின் மேல் ஒப்புதல் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

ஒரு நாளில் நான்கு முறை தடத்தில் இறங்கலாம், முறைக்கு இருபது நிமிடம். முதல் முறை, மூன்றாவது சுற்றிலேயே பவுடர் டப்பாக் கண்ணாடியில் இரண்டு வட்ட விளக்குகள் வந்துவிட்டன. தேவாலய வளைவு என்று எல்லோரும் சொல்கிற திருப்பத்தைத் தாண்டி நேர்ப்பாதை. இதோ, இப்போது. வெர்னின் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது. ஜன்னல்வரை போனது. போய், ஹெல்மெட்டைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை கை மணிக்கட்டுவரை வெளியே போனது. காற்று பட்டதும் பாம்பு கடித்த மாதிரி உள்ளே வந்துவிட்டது. அவர் கால் கேட்கவே இல்லை, தன் பாட்டுக்கு ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. எண்பது பவுண்டு பாரத்தோடும் டாட்சன் ஓடிற்று, சனியன்.

"இன்னிக்கு என்னைப் பாத்தியாடா?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஓரின் கேட்டார்.

"இல்லடா," என்றார் வெர்ன். சொன்னதும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பாரம் போதவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினார். ஊருக்குள் ஓடிப்போய் இன்னும் இரண்டு மூட்டை வாங்கிவந்து, ஏற்கெனவே இருந்தவற்றின் மேல் போட்டு இறுக்கினார். அவசரத்தில் பெல்ட்டின் கொக்கி ஒரு மூட்டையைக் கிழித்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாவது முறையும் கை நீளவில்லை. கடைசி முறைக்கு முன்னால், நின்ற காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டிப் பழகினார்.

"யாருக்குடா டாட்டா காட்டுற?" என்று ஆர்டிஸ் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"தோள்பட்டை பிடிச்சிருக்கு, அக்கா!"

அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பாதிப் பேர் வண்டியை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஓரின் மட்டும் எம்.ஜி.யில் ஏறினார். கடைசி இருபது நிமிடத்தை மழைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. அவர் முன்னால் இறங்க, வெர்ன் நான்கு வண்டி தள்ளிப் பின்னால் இறங்கினார்.

முதல் வளைவிலேயே வெர்னுக்கு ஏதோ புரியாமல் போயிற்று. இரண்டாவது வளைவில் வாயைப் பிளந்தார். எப்போதும் மழையில் நாய்க்குட்டி மாதிரி பின்பக்கத்தை ஆட்டுகிற டாட்சன் இன்று தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. நூற்றறுபது பவுண்டு உப்பு பின்சக்கரங்களின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்ததல்லவா! மற்றவர்கள் எல்லாம் வழுக்குகிறார்கள், இவர் பறக்கிறார். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறந்ததிலிருந்து இப்படி ஓட்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஊளையிட்டார். ஓரினை மறந்தே போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு மழைத் திரைக்குள் பச்சையாக ஒன்று தெரிந்தது.

தேவாலய வளைவிலிருந்து வெளியே வந்தபோது எம்.ஜி.யின் பின்பக்கம் மூக்குக்கு முன்னால் இருந்தது. அடுத்த கணமே, யோசனை கீசனை ஒன்றும் இல்லாமல், ஜன்னலிலிருந்து ஓரினின் ஒல்லிக் கை வெளியே வந்தது. இந்தப் பக்கம் போ என்று விரல் காட்டியது. பதினான்கு வருஷமாக வெர்னால் செய்ய முடியாத காரியத்தை அந்த ஆள் ஒரு நொடியில் செய்துவிட்டார். மழை அந்தக் கையில் அறைந்தது.

வெர்னின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழுந்தது.

முந்தவில்லை. எம்.ஜி.யின் பின்னாலேயே போனார். அடுத்த சுற்றில் மறுபடி கை நீண்டது, வெர்ன் முந்தவில்லை. அதற்கடுத்த சுற்றில் கை கோபமாக ஆடியது, கதவைத் தட்டிக் காட்டியது. வெர்ன் பின்னாலேயே போனார். இப்படி ஒருவர் பின்னால் ஓட்டிப் பார்த்ததே இல்லையா, அப்போதுதான் கவனித்தார்: ஓரின் எங்கே பிரேக் போடுகிறார், எவ்வளவு மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். இவ்வளவு அழகாக ஓட்டுகிறவனையா இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டார். நேரம் முடிந்ததென்று கட்டம் போட்ட கொடியை ஆர்டிஸ் ஆட்டினாள். எம்.ஜி. முன்னே, டாட்சன் பின்னே கடந்தன. வெர்ன் இன்னொருவர் பின்னால் வருகிற ஆச்சரியத்தில் ஆர்டிஸின் கையிலிருந்து கொடி நழுவப் பார்த்தது.

திடலில் நிறுத்தியதுதான் தாமதம், ஓரின் தோள்வரை நனைந்த கையை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா முந்தலை? கை விறைச்சே போச்சுடா! ஆறு தடவை காட்டினேன்!"

"பாக்கலைடா," என்றார் வெர்ன். "கண்ணாடி சின்னது."

"டேய் கிறுக்கா! நான் உனக்கு முன்னாடிடா போனேன்!"

ஓரின் இன்னும் திட்ட வாயெடுத்தவர், டாட்சனின் அடியைப் பார்த்தார். பின்பக்கத்திலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவின் ரப்பர் விளிம்பையும் எடை என்று என்றைக்கோ உரித்துவிட்டிருந்தார் வெர்ன். மழை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. ஓரின் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறிற்று. பின்கதவைத் திறந்து போர்வையை இழுத்தார்.

"உப்பா? உன் டாட்சன்ல உப்பாடா? பனி உருக ரோட்டுல உப்புத் தூவறாங்கன்னு நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் வண்டியை வெளியவே எடுக்க மாட்டியே! துருப் பிடிச்சிரும்னு போர்வை போத்தித் தூங்க வைப்பியேடா! என்னடா பண்ணி வச்சிருக்க?"

"வண்டி மெதுவாப் போகட்டும்னு போட்டேன்."

"எதுக்கு?"

வெர்ன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "உனக்குக் கை காட்டறதுக்கு. சும்மா காட்ட வரலைடா எனக்கு. பாரம் இருந்தா வரும்னு நெனச்சேன். அப்பவும் வரலை." பிறகு, சொல்லாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்ததால் சொன்னார்: "கண்ணாடி சின்னதுதான். ஆனா நீ தெரிவ. எல்லாத் தடவையும் தெரிஞ்சடா. பதினாலு வருஷமும்."

ஓரின் போர்வையை மெதுவாகக் கீழே விட்டார்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். "உன் பின்னாடி வரவனுக்கு அந்தக் கண்ணாடியில உன் கண்ணு ரெண்டும் தெரியும்டா. வளைவுக்கு வளைவு என்னையேதான் பாத்துக்கிட்டிருந்த."

பிறகு, "நிக்கிறான் பாரு மரம் மாதிரி, தண்ணிக் குழாயைக் கொண்டாடா, துரு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா," என்று அதட்டினார். மூட்டைகளை இறக்கி, முக்கால் மணி நேரம் டாட்சனின் வயிற்றைக் கழுவினார்கள். ஓரின் மல்லாந்து படுத்து அடித்தகட்டைத் துடைத்தார். "தாரைச் சுரண்டாம விட்டிருந்தா இந்தத் தகட்டுல உப்பு ஏறியிருக்குமாடா? எடையாம் எடை," என்று உள்ளிருந்து முனகல் வந்துகொண்டே இருந்தது.

கிளம்பும்போது வெர்ன் முன்னால், ஓரின் பின்னால். இரண்டு பேருக்கும் அந்தக் கிராமச் சாலைதான் வழி. மழை தூறலாகியிருந்தது. வண்டியில் ஒரு பவுண்டு உப்புகூட இல்லை, டாட்சன் அதன் முழு லாகவத்தோடு போய்க்கொண்டிருந்தது. சீஸ் ஆலையைத் தாண்டி நேர்ப்பாதை வந்தது, எதிரே ஈ காக்கை இல்லை. வெர்ன் காலைத் தளர்த்தினார். ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி, போ என்று விரலைக் காட்டினார்.

ஓரின் முந்தவில்லை. அரை மைல் போயிற்று. ஒரு மைல் போயிற்று. எம்.ஜி. சாவகாசமாகப் பின்னாலேயே வந்தது. பவுடர் டப்பாக் கண்ணாடியில் ஓரின் இருமல் மிட்டாய் ஒன்றை உரித்து வாயில் போடுவதுகூடத் தெரிந்தது. பழி வாங்குகிறான் படுபாவி! வெர்னின் கை நனைந்து விறைத்தது. உள்ளே இழுக்கவில்லை.

இரண்டாவது மைல் முடிகிற இடத்தில் எம்.ஜி. மெல்ல விலகி, பக்கத்தில் வந்து, முந்திப் போனது. ஓரின் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போனார். மேட்டில் ஏறி இறங்கிப் பச்சை நிறம் மறையும்வரை வெர்ன் கையை வெளியேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து லாவோன், "கை ஏன் இப்படி விறைச்சிருக்கு?" என்று கேட்டபோது, ஓரின் கிளம்பிவிட்டான் என்று மட்டும் சொன்னார்.